ஸ்டாரும் மூன்று பிக்கப்பும்

அன்று மாலை எங்கள் முன்னறையில் நான்கு பேர் இருந்தோம். என் மனைவி ஈவ்லின் சோபாவின் ஓரத்தில், மடி காலியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் இருக்கவேண்டிய எலக்ட்ரிக் கிட்டார், சாப்பாட்டு மேஜையில் விரித்த பழைய போர்வையின்மேல் மல்லாக்கக் கிடந்தது. அதன் முன்னால் நாற்காலியில் அவள் தங்கை பிளஸ்ஸி. திருமுடிவாக்கத்தில் கன்ட்ரோல் பேனல் செய்யும் கம்பெனியில் வேலை பார்ப்பவள். ஒயர் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைக் கைப்பையிலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சுவரோரம், எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஒட்டிய பிளாஸ்டிக் ஸ்டூலில், கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் கேசவன். வேறு காரியம் எதுவும் இல்லை. வேடிக்கை பார்க்க மாடி ஏறி வந்தவர். தயாளனாகிய நான் ஜன்னலருகே, எழுதும் அட்டையை முழங்காலில் வைத்துக்கொண்டு.

அட்டையில் ஒரு கடிதம் இருந்தது. "கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையில் கிட்டார் வாசிப்பதிலிருந்து என் சொந்த விருப்பத்தின்பேரில் விலகிக்கொள்கிறேன்" என்று ஈவ்லின் பெயரில் எழுதியிருந்தேன். கையெழுத்து மட்டும் பாக்கி.

சொந்த விருப்பம் ஒன்றும் இல்லை. பல வருஷமாகப் பாடகர் குழுவின் பின்வரிசையில் வாசித்து வந்தவளுக்கு, இந்தக் கிறிஸ்துமஸில்தான் முதல் பாட்டின் முன்னிசையைத் தனியாக வாசிக்கக் கொடுத்திருந்தார்கள். நவம்பர் வரைக்கும் ஒழுங்காக இருந்த கிட்டார், டிசம்பர் பிறந்ததும் வண்டு புகுந்ததுபோல் இரைய ஆரம்பித்தது. ஒத்திகையில் குழுத் தலைவர் காலேப் சார் கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினார். "சிஸ்டர், இது கேரலா, மாவு மில்லா? சரி பண்ண முடியுமா முடியாதான்னு எழுத்துல குடுத்துடுங்க. ஆராதனைத் தாள் பிரிண்டுக்குப் போகணும்." வாட்ஸப்பில் வருவது பேச்சு, காகிதத்தில் வருவதே முடிவு என்பது அவர் கட்சி. எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. அவர் கொடுத்த கெடு அன்றைக்கு முடிந்தது.

கோளாறு பிக்கப்பில்தான் என்று வீட்டில் முடிவு கட்டினோம். கம்பிகளுக்கு அடியில் காந்தமும் செம்புச் சுருளுமாகப் பதித்திருக்கும் மூன்று பட்டைகள் அவை. கம்பியின் அதிர்வை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்புபவை. இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் வகை புதிதாக வாங்க எங்களுக்குக் கட்டாது. பள்ளிக்கரணையில் ஒருவர் தன் கிட்டாரிலிருந்து கழற்றி வைத்த ஒற்றைச் சுருள் செட் ஒன்றைப் பாதி விலைக்குப் பேசி வாங்கி வந்தேன்.

பிளஸ்ஸி பழையதைக் கழற்றினாள். எந்த ஒயர் எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே போனில் படம் எடுத்துக்கொண்டாள். பற்றவைக்கும்போது எழுந்த புகைக்கு கேசவன் மூக்கைப் பொத்தினார்.

"இன்னாம்மா, ஆபரேஷன் முடிஞ்சுதா? பேஷன்ட் பொழைப்பாரா?"

"அண்ணா, தையல் போட்டுட்டேன். கண்ணு முழிக்கணும், அவ்ளோதான்."

ஆம்பிளிஃபயரின் பிளக்கை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினோம். ஈவ்லின் கிட்டாரை மடியில் எடுத்து ஒரு தட்டுத் தட்டினாள். ஒலி முன்னைவிடத் தெளிவாக வந்தது. இரைச்சலும் முன்னைவிடத் தெளிவாக வந்தது.

பிளஸ்ஸி பற்றவைத்த ஒவ்வொரு இடத்தையும் மறுபடி பார்த்தாள். ஒயரை இழுத்தாள், ஊதினாள், படத்தோடு ஒப்பிட்டாள். எல்லாம் சரியாகவே இருந்தது. வண்டும் அப்படியே இருந்தது.

"பேனாவைக் குடுங்க" என்றாள் ஈவ்லின். குரல் இறங்கியிருந்தது. "முன்னிசையக் கீபோர்டே வாசிக்கட்டும்."

நான் பேனாவை நீட்டினேன். மூடியை மட்டும் கழற்றவில்லை.

அந்த நேரம் கேசவனின் போன் கூவியது. "எங்க வூட்ல கூப்ட்டுகினே கீறாங்க, சார்ஜும் பூட்ச்சு" என்று முனகிக்கொண்டே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து ஒரு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தன் சார்ஜரைத் தேடிப் பையில் கையை விட்டார்.

அறை சட்டென்று அமைதியானது. வண்டு செத்துவிட்டது.

"யாரு என்ன பண்ணீங்க?" என்று ஈவ்லின் எழுந்தேவிட்டாள்.

கேசவன் பையிலிருந்து கையை எடுத்தார். பால்கனிப் பக்கம் பார்த்ததும் விஷயம் புரிந்தது. அவர் பிடுங்கியது எங்கள் கிறிஸ்துமஸ் ஸ்டாரின் பிளக். "ஐயோ, சாமி வெளக்கை அணைச்சிட்டேனே! கோச்சுக்காதம்மா, தெரியாம நடந்துபோச்சு" என்று அவசரமாகத் திரும்பச் செருகினார். ஸ்டார் எரிந்தது. வண்டும் உயிர்த்தது.

"அண்ணா! இன்னொரு தடவ பிடுங்குங்க!" என்று கத்தினாள் பிளஸ்ஸி.

பிடுங்கினார். அமைதி. செருகினார். ர்ர்ர். பிறகு யாரும் சொல்லாமலே அவர் நாலைந்து முறை செய்து பார்த்தார்.

எங்கள் வீட்டில் டிசம்பர் முதல் தேதி தொங்கவிடும் ஸ்டாரைப் புதுவருஷம் வரை மாலை விளக்கேற்றியதும் போட்டுவிட்டால், படுக்கப் போகும்வரை அணைப்பதில்லை. அதனால் அது எரிவது எங்கள் யார் கண்ணிலும் படுவதே இல்லை. உள்ளேயிருந்த மலிவு எல்.ஈ.டி. விளக்குதான் பிக்கப்புக்குள் இரைந்திருக்கிறது.

"மாசம் பொறந்ததும் வந்த வண்டு. ஸ்டாரும் அன்னிக்குத்தானே வந்துச்சு. அத்தான், நாலு பேருக்கும் அறிவே இல்ல" என்றாள் பிளஸ்ஸி.

"என்னிய சேக்காதம்மா. கண்டுபுடிச்சதே நானு."

"அப்ப பிக்கப் மாத்தினதெல்லாம் தண்டமா?" என்று கேட்டாள் ஈவ்லின்.

"வாசிச்சுட்டுச் சொல்லு, அக்கா."

ஸ்டார் அணைந்த அறையில் ஈவ்லின் முன்னிசையை வாசித்தாள். பழைய பிக்கப்பில் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்த கம்பிகள் இப்போது தனித்தனியாகப் பேசின. கேசவன் போனை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. சர்ச்சில் பாடகர் குழு பெஞ்சுக்கு நேர் மேலே ஆள் உயர ஸ்டார் ஒன்று தொங்குகிறது. ஒத்திகையில் வண்டு இரைந்ததும் அதனால்தான் இருக்கவேண்டும். அதை வாங்கிக் கொடுத்தவர் காலேப் சார். அவருடைய ஸ்டாரை அணைக்கச் சொல்வது யார்?

"அணைக்கச் சொல்லாதீங்க" என்றாள் ஈவ்லின் யோசித்துக்கொண்டே. "முன்னிசை முடிஞ்ச பிறகு ஏத்தச் சொல்லுங்க. சபையே பாடும்போது இரைச்சல் யாருக்கும் கேக்காது."

பழைய கடிதத்தைக் கிழித்துப் புதிதாக எழுதினேன். "கிட்டார் சரியாகிவிட்டது. தாங்கள் அன்பளித்த ஸ்டார், முன்னிசை முடிந்து சபையார் பாட எழும்பும் அந்த நொடியில் தங்கள் கையாலேயே ஏற்றப்பட்டால் ஆராதனைக்கு மிகவும் பொருத்தமாயிருக்கும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை இருளில் வாசிக்க ஆயத்தமாயிருக்கிறேன்." காரணத்தையும் ஒரு வரியில் மறைக்காமல் எழுதினேன். ஈவ்லின் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

கவரின் பசை காய்ந்திருந்தது. அடுக்களையிலிருந்து ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்து வந்து தேய்த்து ஒட்டினேன். கேசவன் கையை நீட்டினார்.

"குடு சார். அவரு வூட்டாண்டதான் போறேன், பால் வாங்க. ஸ்டாரை அணைச்சவனே கொண்டாந்து குடுத்தேன்னு சொல்றேன்."

கவரைச் சட்டைப் பையில் வைத்து, விழாதபடி அதன்மேல் கண்ணாடிக் கூட்டைச் செருகிக்கொண்டு, அவர் படி இறங்கினார்.