ஏழு தகப்பன்மார்

“பெட்டியிலேருந்து அந்த வெள்ளை முக்காட்ட எடுத்துட்டு வாம்மா” என்று மாமியார் ஊல்கான் சொன்னபோது சாய்ராகுல் ஆட்டுக்கறி அண்டாவில் நுரை எடுத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. புருஷனின் இரண்டாவது நிக்காஹுக்குத் தானே சமைக்கிறவளுக்கு ஒரு முக்காட்டை எடுத்துக் கொடுப்பது பெரிய வேலையா என்ன.

புதுப்பெண் ஜிபெக் உள்ளறையில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயது, தபாலாபீசில் வேலை. மருமகள் தலையில் வெள்ளை முக்காடு போடுவது மாமியாரின் வேலைதான். ஆனால் மூத்தாள் கையாலேயே போடச் சொன்னால் ஊர் வாய் அடங்கும் என்று புருஷனின் அண்ணன் காசிம் யோசனை சொல்லியிருந்தார். அரசாங்கச் சட்டப்படி இரண்டாம் தாரம் குற்றம். எங்கள் நாரின் மலைப்பக்கம் அந்தச் சட்டத்தை யாரும் நேரில் பார்த்ததில்லை.

கூடத்தில் முல்லா, காசிம், பெரியவர்கள் நாலைந்து பேர். சாய்ராகுலின் ஏழு வயது மகன் பெக்துரை நடுவில் நிறுத்தி, அப்பாவில் தொடங்கி மேலே போகும் ஏழு தகப்பன்மார் பெயரைச் சொல்ல வைத்தார்கள். “எர்மெக், ஜுமாபெக், சாதிபால்தி...” என்று பையன் தடுமாறாமல் ஏழு பெயரையும் ஒப்பித்தான். காசிம் ஆட்டுத்தலையின் காதை அறுத்து அவன் கையில் கொடுத்தார். குடும்பத்தின் ஆண்பிள்ளைக்குத்தான் காது. ஏழு பெயரில் பெண் பெயர் ஒன்றும் கிடையாது, ஏழு பேரும் தாங்களே முளைத்து வந்ததுபோல.

அந்த ஏழில் முதல் பெயருக்குச் சொந்தக்காரன் எர்மெக் பள்ளியில் உயிரியல் வாத்தியார். செய்யப்போகும் காரியத்துக்குக் காரணமும் கையோடு வைத்திருந்தான்.

“ஒருத்தியோடவே ஆயுசு பூரா இருக்கணும்னு இயற்கை எங்கயும் சொல்லல முல்லா. லட்சக்கணக்கான வருஷமா எந்த ஆண் நிறைய இடத்துல விதைச்சானோ அவனோட வம்சம்தான் மிஞ்சிச்சு. நம்ம ரத்தத்துலயே அது இருக்கு. பெண்ணு அப்படி இல்ல, ஒருத்தனப் பிடிச்சு வச்சுக்கிட்டா அவளுக்குப் போதும். நம்ம பொலிகுதிரையப் பாருங்க, பதினெட்டு பெட்டை. ஒண்ணாவது அழுதிருக்கா?”

எல்லோரும் சிரித்தார்கள். முல்லாவும் சிரித்தார், வேதத்தில் கிடைத்த அனுமதி போதாமல் விஞ்ஞானமும் வந்து சேர்ந்ததில் அவருக்குத் திருப்தி.

சாய்ராகுல் முக்காட்டோடு வாசலில் நின்றாள். அந்தப் பதினெட்டு பெட்டைகளையும் நாளுக்கு ஐந்து தடவை கறப்பவள் அவள். ஒவ்வொன்றின் குட்டியையும் மடிக்கு விட்டு, பால் இறங்கியதும் விலக்கி, ஒற்றை முழங்காலில் உட்கார்ந்து கறக்கிற வேலை. எர்மெக்குக்குக் குதிரை என்பது புத்தகத்தில் இருப்பது. எட்டு வருஷம் வாயைத் திறக்காதவள் அன்றைக்குத் திறந்தாள்.

“பெட்டைகளப் பத்தி வாத்தியாருக்கு யாரு சொன்னாங்க? நம்ம குதிரை கருப்பு. செம்பட்டைப் பெட்டை போட்ட குட்டியும் பொறந்தப்ப கருப்பாத்தான் இருந்துச்சு. ரெண்டு வயசானதும் வெளுக்க ஆரம்பிச்சிருச்சு. இந்த வட்டாரத்துல வெள்ளைப் பொலிகுதிரை ஓடைக்கு அந்தாண்ட தொக்தோசுன் வீட்டுல மட்டும்தான் இருக்கு. பதினெட்டு இருக்குன்னு மேய்ச்சல் மேட்டுல மார் தட்டிட்டு நின்னவனுக்கு, ஒண்ணு ஓடையத் தாண்டிப் போயிட்டு வந்தது தெரியவே இல்ல.”

நியாயமான பேச்சு. சொல்லக் கூடாத இடத்தில் சொன்ன நியாயம். யாரும் சிரிக்கவில்லை. காசிம் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“அப்ப காதைத் தின்னுட்டு நிக்கிற இந்தப் பய யாரு புள்ள?”

இந்த வீட்டில் சாய்ராகுல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததே பெக்துருக்காகத்தான். பிள்ளையின் எலும்பு தகப்பன் குடியுடையது என்பது எங்கள் வழக்கம். பெண் விலகிப் போகலாம், பிள்ளையைக் கூட்டிப் போக முடியாது.

முக்காட்டை அன்று ஊல்கானே போட்டுவிட்டாள். நிக்காஹ் முடிந்தது. ஆனால் காசிமுக்குப் பொறுக்கவில்லை. அவர்தான் குலத்தின் வம்ச ஏட்டை எழுதுகிறவர். போன குளிர்காலத்தில் குலத்து ஆண்கள் நாற்பது பேரின் எச்சிலைப் பஞ்சில் எடுத்து தலைநகர் பிஷ்கெக்கிலிருந்த ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, எல்லோரும் ஒரே ஆண் வழிதான் என்று முத்திரை குத்திய தாள் வாங்கி ஏட்டில் ஒட்டியிருந்தார். அந்த நாற்பதில் எர்மெக் இல்லை. ஒரே வயிற்றில் பிறந்த இருவருக்கு இரண்டு பஞ்சு எதற்கு என்று காசிம் தன்னுடையதை மட்டும் கொடுத்திருந்தார். இப்போது பெக்துரின் எச்சிலை எடுத்து, தன்னுடையதோடு ஒப்பிடச் சொல்லி அனுப்பினார்.

மூன்று வாரத்தில் தாள் வந்தது. காசிம் முற்றத்தில் நின்றபடி வாசித்தார். பையனும் காசிமும் ஒரே ஆண் வழி இல்லை.

ஊல்கான் குதிரைப்பாலைக் கடைந்துகொண்டிருந்தாள். மத்து நின்றது. அதை அந்த முற்றத்தில் கவனித்தவள் சாய்ராகுல் ஒருத்திதான்.

“உங்க எச்சிலையும் அனுப்புங்க” என்றாள் எர்மெக்கிடம். “உங்களுக்கும் அவனுக்கும் பாக்கட்டும்.”

“நான் என்னடி தப்புப் பண்ணினேன், என்னச் சோதிக்க? அண்ணன் எலும்பும் என் எலும்பும் ஒண்ணு.” எர்மெக் கிண்ணத்தைச் சுவரில் அடித்தான். அவன் கண்ணில் உண்மையாகவே நீர். “உன்ன நான் எவ்வளவு நம்பினேன்.” அடுத்த அறையில் அவனுடைய இருபது நாள் இளையாள் இருந்தாள்.

மத்தியானக் கறவைக்கு ஊல்கானும் கூடவே வந்தாள். குட்டியைப் பிடித்து நின்றாள்.

“உன் மாமனாரு நாலு வருஷம் நாரின் டவுன்ல ஒருத்தியோட இருந்தாரு” என்றாள். “ஆடு வெட்டற அன்னிக்கு வருவாரு, மறுநாள் போயிருவாரு. காசிமத் தூக்கிக்கிட்டு மேய்ச்சல் மேட்டுல நான் தனியா. மண் அடுப்பு மூட்டக்கூட ஆளில்ல. அப்பத்தான் எர்மெக் வயித்துல வந்தான்.”

“யாரு அத்தை அது?”

“செத்துட்டாரு. எங்கிட்ட சாப்பிட்டியான்னு கேட்ட ஒரே மனுஷன்.”

சாய்ராகுல் கறப்பதை நிறுத்தினாள். “இப்ப நீங்க வாயைத் திறந்தா நான் பொழச்சிருவேன்.”

“திறந்தா என்னப் பொதைக்கக்கூட எடம் குடுக்க மாட்டானுங்க. அது கிடக்கட்டும். நல்லா யோசி. நீ யோக்கியமானவன்னு தெரிஞ்சா பெக்துர் எர்மெக் புள்ள. இங்கயே இருந்துருவான். எளையா வளப்பா. நீ வாசல்ல நின்னு பாத்துட்டுப் போகணும். இந்தத் தாளு அப்படியே இருந்தா, சனியன் தொலைஞ்சுதுன்னு அவனையும் உங்கூட அனுப்பிருவானுங்க.”

கிழவி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இதைச் சொன்னாள். ஆனாலும் சொன்னது அத்தனையும் உண்மை. எங்கள் ஊரில் ஒரு தாய்க்குப் பிள்ளை கிடைக்க வேண்டுமானால் அவள் கெட்டவளாக இருக்க வேண்டும். வெட்கங்கெட்ட வழக்கம், வேறென்ன சொல்ல.

மறுநாள் பெரியவர்கள் கூடி, தப்பை ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். செய்யாத தப்புக்கு சாய்ராகுல் தலை குனியாமல் “ஆமா” என்றாள். யார் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. காசிம் ஏட்டில் பெக்துர் பெயரின்மேல் கோடு போட்டார். அதற்கு மேலே எர்மெக், அதற்கும் மேலே ஜுமாபெக், இரண்டும் அப்படியே இருந்தன. பக்கத்தில் ஊல்கான் எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள்.

பெக்துரைக் கூட்டிக்கொண்டு வெளியேறிய சாய்ராகுலுக்கு நாரின் நகரத்தில் ரொட்டிக்கடை ஒன்றில் மாவு பிசையும் வேலை கிடைத்தது. பெக்துரைப் புதுப் பள்ளியில் ஏழு தகப்பன்மார் பெயர் கேட்டபோது அவன் சரியாகத்தான் சொன்னான். “உனக்கு ஏழு இல்லடா, எழுபது” என்று பையன்கள் பின்னாலேயே வந்தார்கள். செய்தி தாயையும் பிள்ளையையும் முந்திக்கொண்டு அங்கே வந்து சேர்ந்திருந்தது. அதன்பின் யார் கேட்டாலும் அவன் மறந்துபோச்சு என்றான்.

இரண்டு வருஷம் கழித்து, பனி விழுகிற ஒரு காலையில் ஜிபெக் கதவருகே நின்றாள். இடுப்பில் எட்டு மாதக் கைக்குழந்தை. தலையில் முக்காடு இல்லை.

“அக்கா, இனிமே பொறக்கற ஆம்பளப் புள்ளைங்க எல்லாத்துக்கும் எச்சில் பாக்கணும்னு காசிம் அண்ணன் சட்டம் போட்டுட்டாரு. இவனுக்கும் பாத்தாங்க, ஒத்துவரல. சத்தியமாச் சொல்றேன் அக்கா, நான் எவனையும்...”

“தெரியும். உள்ள வா, குழந்தைக்குக் குளிரும்.”

“உங்களுக்கு எப்படி அக்கா தெரியும்? எங்கம்மாவே நம்பல.”

அடுப்பருகே பெக்துர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான். சாய்ராகுல் அவனைப் பார்த்தாள். சொன்னால் இந்தப் பெண் இன்றைக்கே ஊருக்கு ஓடிப்போய்க் கத்துவாள். அப்புறம் எர்மெக் வந்து தன் பிள்ளை என்று கையைப் பிடித்து இழுப்பான். சொல்லாவிட்டால் இவளும் தன்னைப்போலவே ஆயுசுக்கும் கெட்டவள். தான் அன்றைக்குச் சொன்ன ஒரு “ஆமா” இப்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்கே வந்திருக்கிறது.

“உன் முகத்தப் பாத்தாத் தெரியுது” என்றாள். அந்தப் பொய் சொன்னதற்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஒரு ரொட்டியைப் பிட்டு அவள் கையில் கொடுத்தாள்.

ஜிபெக் தின்னாமல் வைத்துக்கொண்டிருந்தாள். “வாத்தியாரு வகுப்புல சொல்றாராம். பெண்ணோட இயற்கையே ஏமாத்தறதுதான், எங்க வீட்டுலயே ரெண்டு சாட்சி இருக்குன்னு. புள்ளைங்க நோட்டுல எழுதிக்கிட்டாங்களாம்.”

“அத்தை என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. என் தலையிலேருந்து முக்காட்ட எடுத்தாங்க. நான் கிளம்பறப்ப அதைத் துவைச்சுக் கொடியில காயப் போட்டிருந்தாங்க. அடுத்த மாசம் வேற பொண்ணு வருதாம்.”