வழியாத தொட்டி

'நெஞ்சு வலித்தால் ஓடி வரக்கூடியவர்' என்று ஆஸ்பத்திரிப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதைப் பார்த்ததும் குழாய்க்காரருக்கு ஆறிக்கொண்டிருந்த நெஞ்சு மறுபடியும் வலித்தது. மனைவி போய் மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. மகள் விமானம் ஏறிப் போகும் தூரத்தில். கட்டத்தை நிரப்பாமல் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று நர்ஸம்மா ஒற்றைக்காலில் நின்றாள்.

"தனியாக் கிடக்கறதும் சிகரெட் மாதிரிதான் ஐயா, இதயத்துக்கு ஆகாது. பேர் எழுதுங்க. அவரும் ஒருநாள் இங்க வந்து உட்காரணும்."

ரத்தக்குழாய் அடைப்பை விளக்க வந்த டாக்டருக்கே அடைப்பு எடுக்கும் விதத்தைப் பாடம் நடத்தியவர் அவர். இவளைச் சமாளிக்க முடியாதா? பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியாரை எழுதிக் கொடுத்தார். இருவரும் எலியும் பூனையும். வாத்தியார் வீட்டு மாடித்தொட்டி தினமும் காலை ஆறு மணிக்கு நிரம்பி வழிந்து இவர் சுவரை நனைக்கும்.

"மிதவையை மாத்தித் தொலையும்யா!" என்று இவர் கத்துவார்.

"நீர்தானே பிளம்பர்? வந்து மாத்தும்!" என்று பதில் வரும்.

அந்த மனுஷனாவது ஆஸ்பத்திரிப் படியேறுவதாவது! நர்ஸம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய் இவரை அனுப்பிவிடுவாள். அதுதான் திட்டம்.

மறுநாளே இஸ்திரி போட்ட சட்டையில் வாத்தியார் வந்து உட்கார்ந்தார்.

"தினம் எத்தனை சிகரெட்?" என்று கேட்டாள் நர்ஸம்மா.

"ரெண்டே ரெண்டும்மா" என்றார் குழாய்க்காரர் பச்சைக்குழந்தை முகத்தோடு.

"ஏழு" என்றார் வாத்தியார். "முதல் ஒண்ணு அஞ்சே முக்காலுக்கு."

"வேவு பாக்குறீரா?"

"ஜன்னல் எதிர்லயே இருந்தா கண்ணைப் பொத்திக்கவா முடியும்?"

"கோபம் வருமா ஐயா?"

"வராம? இந்த ஆளோட தொட்டியாலதாம்மா எனக்கு பிரஷரே!"

வாத்தியார் தன் விரல் நகங்களைப் பார்த்தார். "மிதவை நல்லாத்தான் இருக்கு. நான்தான் அது மேல எழும்பித் தண்ணியை நிறுத்தாம கயிறு போட்டுக் கீழ கட்டி வெச்சிருக்கேன்."

"என்னது?"

"இவர் வீட்டம்மா போனப்புறம் மூணு மாசம் அந்த வீட்ல பேச்சு மூச்சே காணோம்மா. கதவைத் தட்டினேன், திறக்கல. ஒருநாள் தற்செயலாத் தொட்டி வழிஞ்சுது. வெளிய வந்து என் ஏழு தலைமுறையையும் இழுத்தார். அப்பாடா, ஆள் இருக்கார்னு நிம்மதியாச்சு. அதுலேருந்து தினமும் வழிய விடறேன். போன செவ்வாய்க்கிழமை பத்து நிமிஷம் வழிஞ்சும் திட்டு வரல. அதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்."

பால்காரர்தான் கூப்பிட்டிருப்பார் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார் குழாய்க்காரர். "என் சுவர் ஊறிப்போச்சேய்யா" என்று மட்டும் முனகினார். கண் கலங்கியதை மறைக்கத் தெரியவில்லை.

இனிமேல் கத்தவே கூடாது என்று சொல்லி அனுப்பினாள் நர்ஸம்மா.

வீடு திரும்பிய மறுநாள் காலை ஆறு மணி. தொட்டி வழியவில்லை. ஆறே காலாயிற்று. சுவர் காய்ந்து கிடந்தது. குழாய்க்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுவரோரம் போய், வாழ்நாளில் முதல்முறையாகத் தணிந்த குரலில் கூப்பிட்டார்.

"வாத்தியாரே, கயித்தை அவிழ்த்துட்டீரா? நான் இருக்கேனா செத்தேனான்னு உமக்கு இனிமே தெரிய வேண்டாமாய்யா?"