கணு இருந்த இடம்

வில் செய்ய எந்த மரம் உசத்தி என்று எங்கள் வீட்டில் நடக்காத சண்டை இல்லை. மூங்கில் சொன்னபடி வளையும், புளி முரண்டு பிடிக்கும், தேக்கு பார்க்கத்தான் ராஜா, வளைத்தால் கோழை. இது அப்பாவின் தீர்ப்பு. வீம்புக்கென்றே நான் தேக்கை எடுத்தேன். தங்கை மல்பெரி எடுத்தாள்.

முழுக்க இழுத்துப் பார்க்கும் சோதனையில் எவள் வில் முறியாமல் நிற்கிறதோ அவளுக்குப் பட்டறை. மற்றவள் ஆயுசுக்கும் முன்கடையில் நின்று அம்பு விற்க வேண்டும். பதினோரு வருடம் பட்டறை மேசையில் குனிந்து முதுகு ஒடிந்தவள் நான். அவள் வேலைக்கு வந்து இரண்டே வருடம்.

சோதனைக்கு முந்தின நாள் என் தேக்கை மெல்ல இழுத்தேன். உள்ளே 'டிக்' என்றது. நாளைக்கு இது நிற்காது. பக்கத்தில் அவள் வில். அதன் முதுகில் ஒரு கணு. அதைச் சுற்றி மரத்தைச் செதுக்காமல் மேடாக விட்டிருந்தாள், கெட்டிக்காரி. அந்த மேட்டைச் சீவினால் மரத்தின் வருட வளையம் அறுந்துவிடும், இழுத்தால் அங்கேதான் முறியும். சீவினேன். மரத்தூளில் பசை குழைத்து அதே இடத்தில் பொய்மேடு வைத்தேன். கப்பியில் மாட்டித் தூரத்திலிருந்துதானே இழுப்பார்கள், யாருக்கும் அடிபடாது என்று மனசுக்குச் சமாதானம் சொன்னேன்.

காலையில் அப்பா இரண்டு வில்லையும் தடவிப் பார்த்தார்.

"கப்பி வேணாம். செஞ்சவளே கையால இழுக்கட்டும். சின்னவளே, நீ முதல்ல."

"அக்கா, பயமா இருக்கு. எவ்வளவு இழுத்திருக்கேன்னு நீ அங்குலம் சொல்லு."

சொன்னேன். பதினெட்டு. இருபது. எண்ணிக்கொண்டிருந்த வாயால் வேறெதுவும் சொல்லவில்லை. இருபத்திரண்டு. இருபத்து நான்கில் மல்பெரி வெடித்து, மேல்பாதி அவள் முகத்தில் அடித்தது.

அப்பா அவள் கண்ணில் துணியை வைத்து அழுத்தினார். அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"கணு மேட்டுல தூள் நிறம் வேற. அப்பவே பாத்துட்டேன். நீ வாயைத் திறப்பியான்னுதான் கையால இழுக்கச் சொன்னேன்."

"திறந்திருந்தா?"

"பட்டறை அவளுக்குப் போயிருக்கும். மனசு இளகுனவளுக்கு எவ்வளவு கைவேலை தெரிஞ்சாலும் பட்டறை நடத்த முடியாது. இனிமே இவளைக் கட்டிக் காப்பாத்தவும் ஒருத்தி வேணும்ல." சாவியை நீட்டினார். வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. வாங்கிக்கொண்டேன்.

தங்கைக்குக் காது இரைந்திருக்க வேண்டும், நாங்கள் பேசியது எதுவும் விளங்கவில்லை. என் கையைத் தேடிப் பிடித்தாள்.

"அக்கா, அப்பா சொன்னா நம்ப மாட்டேன். நீ சொல்லு. என் கண்ணு இருக்கா?"

"இருக்கு," என்றேன். துணியை விலக்கிப் பார்க்கவில்லை.