ஏழாம் குழிக்குச் சின்ன மட்டை

சிபானா முழுப் பலத்தையும் போட்டு அடித்தாள். பந்து கொடியைத் தாண்டியது. பச்சைத் தரையைத் தாண்டியது. மலை விளிம்பையும் தாண்டிப் பள்ளத்தாக்குக்குள் போய் மறைந்தது. திரையில் நின்ற தொப்பிக்காரன் கையை விரித்தான்.

“நீயும் என்னப் பாத்துக் கைய விரி,” என்று அவனைத் திட்டினாள்.

வெள்ளிக்கிழமை. ஆண்கள் எல்லாரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். வாரத்தில் இந்த ஒரு நேரம்தான் முன்னறை அவளுக்குக் கிடைக்கும். மற்ற நேரமெல்லாம் அது அவள் கணவன் றினாஸின் கேம் கடை. மூன்று டீவி, மூன்று பிளேஸ்டேஷன், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஏறி வந்து கத்தும் வாலிபர்கள். கல்முனை முழுக்கக் கார்ப் பந்தயமும் குத்துச்சண்டையும் விளையாடிக்கொண்டிருந்தபோது, றினாஸ் கொழும்பிலிருந்து கொண்டுவந்த கோல்ஃப் சீடி ஏனோ இந்தக் கடையில் பற்றிக்கொண்டது. அதிலும் மலைத் திடல். கடற்கரைத் திடலையும் காட்டுத் திடலையும் எவனும் முடித்துவிடுவான். மலையில்தான் எல்லாரும் விழுந்தார்கள்.

மலையில் முதலிடம் யாரோ ஒருவர் கையில் இருந்தது. பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் மூன்று கோடு. யார் என்று வாலிபர்கள் கேட்டபோது, “வேற ஆரு? நான்தான்,” என்று றினாஸ் சொல்லிவிட்டான்.

அது சிபானாவின் ரெக்கோட். அவள் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். பெண்பிள்ளை கேம் விளையாடுகிறாள் என்று ஊர் வாய்க்குத் தீனி போடுவானேன் என்று நினைத்தாள். விட்டுக்கொடுத்தது அங்கேதான். நேற்றுப் பகல் சோறு தின்னும்போது றினாஸ் அடுத்ததையும் கேட்டான். இல்லை, கேட்கவில்லை. அறிவித்தான்.

“ஜெமீலாவப் பாக்க ஞாயித்துக்கிழம அட்டாளச்சேனையில இருந்து வாறாங்க. மாப்பிள காலிதீன். நம்மட கடைக்கு விளையாட வாறவன்தான். உம்மாக்காரி வீட்டையும் பாக்கணுமாம்.”

ஜெமீலா றினாஸின் தங்கை. வாப்பாவும் உம்மாவும் முந்தியே மவுத்தாகிவிட்டதால் இவர்களோடுதான் இருக்கிறாள்.

“எந்த வீட்ட?” என்றாள் சிபானா.

“இந்த வீட்டத்தான்.”

பகிடி என்று நினைத்து அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. மீன் முள்ளை எடுத்துச் சோற்றுக் கோப்பை ஓரத்தில் வைத்தான்.

“இத என்னத்துக்கு அவங்க பாக்கிற? இது எண்ட வீடு.”

“வீட்டு உறுதிப் பத்திரத்துல எண்ட பேருதான் இரிக்கி.”

அந்தக் கிழக்குக் கரையில் வீடு என்றால் பெண்ணுக்கு. பெற்றவர்களும் காக்கா என்கிற அண்ணன்மாரும் கட்டிக்கொடுப்பார்கள், மாப்பிள்ளை கையை வீசிக்கொண்டு வந்து ஏறுவான். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சிபானாவின் உம்மா கடலோரத்தில் அவளுக்கு ஒரு வீடு கொடுத்தார். சுனாமி அன்று உம்மாவும் வீடும் ஒன்றாகப் போனார்கள். கடலோரத்தில் திரும்பக் கட்டக் கூடாது என்று சொல்லி, அந்த வீட்டுக்குப் பதிலாக உள்பக்கம் இந்த வீட்டைக் கொடுத்தார்கள். பதிய வந்த அதிகாரி, “குடும்பத் தலைவர் யார்?” என்று கேட்டார். எல்லாரும் றினாஸைக் காட்டினார்கள். சிபானாவும் காட்டினாள். மனைவியின் வீட்டைப் புருஷன் தன்னுடையது என்று சொல்வான் என்ற எண்ணம் அந்த ஊரில் எவர் மண்டையிலும் ஏறியிருக்கவில்லை. இத்தனை வருஷம் றினாஸ் மண்டையிலும் ஏறவில்லைதான். இப்போது ஏறியிருக்கிறது.

“அப்ப நாம எங்க போற?”

“வாடக வீடு பாப்பம். அவளுக்கு நான் ஒத்தன்தானே இரிக்கன்? யுத்தம் முடிஞ்ச கையோட ஊரெல்லாம் கலியாணம் பேசுறானுகள். நல்ல மாப்பிள நம்மளப் பாத்துக்கிட்டு நிப்பானா?”

“தங்கச்சிக்கு வீடு கட்ட வக்கில்ல, மனிசிட வீட்டப் புடுங்கிக் குடுக்கிறயா?”

கோப்பை சுவரில் மோதி உடைந்தது. எறிந்தது தான்தான் என்பதே அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வளவுப் பெண்கள் வேலிக்கு வந்துவிட்டார்கள். றினாஸ் கையைக் கழுவிக்கொண்டு, மெதுவாக வேலியருகே போய், “ஒண்டுமில்ல. சுனாமிக்குப் பொறகு இவளுக்கு இடைக்கிட இப்பிடித்தான்,” என்றான்.

பெண்கள் பாவப்பட்டுத் தலையை ஆட்டினார்கள். அந்தத் தலையாட்டல்தான் இன்னும் அவள் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது.

சிபானா மறுபடியும் ஏழாம் குழியைப் போட்டாள். மலை உச்சியில் நின்று அடிக்க வேண்டும். குழி வெகு கீழே, பாறையில் ஒட்டின சின்னத் தட்டில். அதற்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு. கோபத்தில் டிரைவர் என்கிற பெரிய மட்டையை எடுத்து, பலம் காட்டும் கோடு ஓடி நிரம்பும்வரை விட்டு அழுத்தினால் தட்டு தாங்காது. நேற்று றினாஸோடு போட்ட சண்டையிலும் அவள் அப்படித்தான் அடித்தாள். பந்து வேலிக்கு அப்பால் போய் விழுந்தது.

எட்டாம் நம்பர் சின்ன மட்டையை எடுத்தாள். கொடியை விட்டு இடப்பக்கச் சரிவைக் குறிவைத்தாள். கோடு பாதி தாண்டியதும் அழுத்தினாள். பந்து சரிவில் விழுந்து, வேகம் செத்து, உருண்டு வந்து கொடிக்குப் பக்கத்தில் நின்றது.

கோபம் குறையவில்லை. விரலுக்கு மட்டும் அதைப் போகவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலிதீன் தன் ஓட்டோவிலேயே தாயைக் கூட்டிவந்தான். தாய் முனவ்வறா பெரிய உடம்புக்காரி. ஸலாம் சொல்லிவிட்டு நேரே சுவரைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், குசினிக்குள் போய் அடுப்புக்கு மேலிருந்த கூரையை அண்ணாந்து பார்த்தார். றினாஸ் பின்னாலேயே போய், “நல்ல சீமெந்து மாமி. பாத்துப் பாத்துச் செய்வித்தன்,” என்றான். கட்டியது யாரோ ஒரு நிறுவனம். அவன் ஒரு கல்லும் தூக்கவில்லை.

சிபானா தேநீர்க் கேத்தலைப் பிடித்தபடி பல்லைக் கடித்தாள். இப்போதே கத்தினால், வேலியில் சொன்னதையே அவன் இங்கேயும் சொல்லுவான். பொறுத்தாள்.

முன்னறையில் காலிதீனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. “மச்சான், அந்த ஏழாங் குழிய ஒருக்கா அடிச்சிக் காட்டுங்க. ஒவ்வொரு நாளும் பள்ளத்துலதான் விழுறன்.”

“பெரியாக்கள் இரிக்கக்க என்னடா விளையாட்டு?”

“அடிங்க மகன்,” என்று முனவ்வறா பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்தார். “வீட்ட வந்தா இவனுக்கு இந்த மலக்கதைதான். நானும் பாக்கன்.”

வேறு வழியில்லை. றினாஸ் டிரைவரை எடுத்தான். பந்து பள்ளத்தாக்கில். “காத்துதான் இழுத்திட்டு,” என்றான். மறுபடியும் பள்ளத்தாக்கு. “பட்டன் இறுகிப் போச்சி.” மறுபடியும்.

“நீங்களும் என்னப் போலதான் மச்சான்!” என்று காலிதீன் சிரித்தான்.

“மட்டையக் கொறைங்க.”

எல்லாரும் திரும்பினார்கள். சிபானா தட்டோடு வாசலில் நின்றாள்.

“நீ உள்ள போ,” என்றான் றினாஸ்.

அவள் தட்டை மேசையில் வைத்தாள். “குழி கீழ இரிக்கி. கீழ போற பந்து தானாத் தூரம் போகும். அதுக்கு மேல நீங்க டிரைவரும் எடுத்தா? எட்டாம் நம்பர் எடுங்க. அம்புக்குறியப் பாருங்க, காத்து முதுகில அடிக்கிது, பலத்த இன்னும் கொறைக்கணும். கொடியப் பாத்து அடிக்கிறதுதான் எல்லாரும் உடுற பிழ. இடப்பக்கம் சரிவு இரிக்கி. அதுல போட்டா அதுவே கொண்டுபோய்க் குடுக்கும்.”

“ஏறுமுகக் குழிக்கு?” காலிதீன் தன்னை மறந்து கேட்டான்.

“ஒரு மட்ட கூட்டணும். குழிக்குக் கிட்ட வந்து தட்டுறண்டா, தரை எந்தப் பக்கம் பள்ளத்துக்குச் சாயுதெண்டு பாத்து மற்றப் பக்கம் தட்டணும்.”

“ராத்தா, நீங்களே அடிங்க!” அவன் றினாஸின் கையிலிருந்த கொன்ட்ரோலரைப் பிடுங்கி மேசையில் வைத்தான்.

சிபானா எடுத்தாள். எட்டாம் நம்பரைத் தேர்ந்து, கோடு பாதி தாண்டியதும் அழுத்தினாள். பந்து சரிவில் விழுந்தது, தயங்கியது, உருண்டது, கொடியை ஒட்டி நின்றது.

காலிதீன் கதிரையை விட்டு எழும்பிவிட்டான். “யா அல்லா! அப்ப அந்த ரெக்கோட்டு?”

“மூணு கோடு போட்டது நான்தான். உங்கட மச்சான் மலையில ஒரு நாளும் ஏழத் தாண்டல்ல.”

முனவ்வறா பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டு முடித்தார். பிறகு றினாஸைப் பார்த்தார்.

“மகன், ரெக்கோட்டு உங்கட இல்ல. வேற என்னெல்லாம் உங்கட இல்ல?”

“அது சும்மா விளையாட்டுக்குச் சொன்ன மாமி...”

“நான் விளையாட வரல்ல.” அவர் சிபானா பக்கம் திரும்பினார். “இந்த வீடு ஆருட, புள்ள?”

மூன்று நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் தொண்டைக்கு வந்தது. சிபானா பாதியை விழுங்கினாள். “எண்ட உம்மா தந்த வீட்டக் கடல் எடுத்திச்சி. அதுக்குப் பதிலாத் தந்த வீடு இது. உறுதி மட்டும் இவர்ர பேருல.”

“மாமி, சுனாமிக்குப் பொறகு இவளுக்குக் கொஞ்சம்...”

“சுனாமிக்குப் பொறகு என்ன?” முனவ்வறாவின் குரல் அறையை நிரப்பியது. “எண்ட ரெண்டு புள்ளைகள் அதுலதான் போன. நானும்தான் கத்தினன், கோப்ப சட்டி எறிஞ்சன். எனக்கும் பைத்தியமா? சொல்லுங்க!”

அவர் எழுந்து முக்காட்டைச் சரிசெய்தார்.

“ஒரு பொம்புளய எறக்கிப்போட்டு அந்த வீட்டுல எண்ட மகன் ஏற மாட்டான். புள்ள ஜெமீலாவ எனக்குப் புடிச்சிரிக்கி. மொதல்ல இத மனிசிட பேருக்கு எழுதுங்க. பொறகு தங்கச்சிக்கு ஒரு அறையெண்டாலும் உங்கட கையால கட்டுங்க. நாங்க பொறுப்பம். அதுக்குப் பொறகு நாள் வைப்பம். வாடா காலிதீன்.”

ஓட்டோவின் சத்தம் சந்தியைத் தாண்டும்வரை றினாஸ் வாயைத் திறக்கவில்லை. தாண்டியதும் கத்தினான். “எண்ட மானத்த வாங்கிட்டயே! ஒரு குமர்ப்புள்ளட வாழ்க்கையக் கெடுத்திட்டயே!”

உள்ளறைத் திரை விலகியது. ஜெமீலா, மாப்பிள்ளை வீட்டாருக்காக உடுத்த புடவையோடு வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

“காக்கா, உறுதி எழுத நாளைக்கே நொத்தாரிசுகிட்ட போங்க.”

“ரெண்டு பேரும் சேந்திட்டீங்களா?”

“நான் ஒத்தரோடயும் சேரல்ல. எனக்கு அந்தக் கலியாணம் வேணும்.” சிபானாவை முறைத்தாள். “மச்சி, நீங்களும் இண்டைக்குத்தான் கதைக்கணுமா?”

“வியாழக்கிழம கதைச்சன். வேலி முழுக்கக் கேட்டிச்சி. உனக்குக் கேக்கல்லயா?”

ஜெமீலா திரையை இழுத்துவிட்டாள்.

உறுதி சிபானா பேருக்கு மாறிய அன்று ஓட்டோவில் திரும்பி வரும்போது றினாஸ் வெளியே பார்த்தபடியே, “இப்ப சந்தோசமா?” என்று கேட்டான்.

“இல்ல,” என்றாள் சிபானா. “உம்மாட வீட்ட எடுத்த கடலுக்கு எண்ட பேரு தெரியாது. உங்களுக்குத் தெரியும், தெரிஞ்சும் எடுக்கப் பாத்தீங்க.”

ஓட்டோ வீட்டு வாசலில் வந்து நின்றது.

கடை திறக்கட்டும் என்று வாலிபர்கள் வாசலில் காத்துநின்றார்கள். சிபானா முன்னால் இறங்கிப் போய்க் கதவைத் திறந்தாள். ஒருவன் வழக்கம்போல் அப்படியே காலை வைத்தான்.

“செருப்பக் கழட்டு! இது எண்ட வீடு.”

அவன் பயந்து கழற்றினான். மற்றவர்களும் கழற்றினார்கள். கடைசியாக வந்த றினாஸ் ஒரு கணம் நின்றான். அவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள். அவனும் குனிந்து கழற்றினான்.