குப்புராஜின் ஹெட்போன்

அந்தக் குரலை அருணகிரி எங்கே கேட்டாலும் அடையாளம் கண்டிருப்பான். ஆரணி ரைஸ் மில்லில் மேஸ்திரியாக இருந்த குப்புராஜின் குரல். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் ஒருநாள், மெஷின் பெல்ட் கழன்று விழுந்ததற்கு அருணகிரியை அவர் ஓங்கி அறைந்தார். இடது காதில் ரத்தம் வந்தது. அதன் பிறகு அந்தக் காது கேட்கவே இல்லை.

இப்போது வருஷம் எழுபத்தேழு. திருவள்ளூர் தேரடிப் பக்கம் அருணகிரி சொந்தமாக ரேடியோ கடை வைத்திருந்தான். வாசலில் நின்ற குப்புராஜுக்குத் தலை நரைத்திருந்தது.

"இன்னாப்பா, காதுல மாட்டிக்கினு பாட்டு கேக்கறது கீதா? புள்ள ஸ்டீரியோ வாங்கிக் குடுத்துக்கிறான். ஆனா மருமவளுக்குச் சத்தம்னா பேஜாரு."

"வாங்க சார், உக்காருங்க" என்றான் அருணகிரி. அவருக்கு அவனை நினைவே இல்லை.

மூன்று ஹெட்போன்களை எடுத்து வைத்தான். முதலாவதில் பாட்டு தகரத்தைத் தட்டுவது போல இருந்தது. இரண்டாவது கனம்; காது வலிப்பதாகச் சொல்லிக் கழற்றினார். மூன்றாவதை மாட்டியதும் விரல்கள் தொடையில் தாளம் போட்டன. கண்கள் மூடிக்கொண்டன.

"யப்பா! இந்தப் பக்கம் வீணை, அந்தப் பக்கம் மிருதங்கம். நடுவுல நான் குந்திக்கினுகிற மாதிரியே கீது!"

அருணகிரி அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. இனிக் கேட்கப்போவதும் இல்லை.

"துடைச்சுக் கட்டித் தரேன் சார்" என்று உள்ளே எடுத்துப் போனான். இடப்பக்கத்து மூடியைத் திறந்து, சத்தத்தைக் குறைக்கும் ஒரு சின்ன ரெசிஸ்டரை ஒயரில் ஈயம் வைத்துப் பற்றவைத்தான்.

மறுவாரம் குப்புராஜ் மகன் வீடு இருந்த திருநின்றவூரிலிருந்து ரயிலேறி வந்தார்.

"இடது பக்கம் சரியா கேக்கலப்பா. கெணத்துக்குள்ளாந்து பாடற மாதிரி கீது."

அருணகிரி அதை வாங்கி மாட்டிக்கொண்டான். சற்று நேரம் தலையாட்டினான். "ரெண்டு பக்கமும் நல்லாத்தான் கேக்குது. உங்க காதுதான் சார் போவுது."

"நீ பேசறது நல்லா கேக்குதே?"

"மொதல்ல அப்படித்தான். நுணுக்கமான சத்தம் போவும். அப்புறம் மீதியும் போவும். பஸ்ஸு எந்தப் பக்கம் வருதுன்னு தெரியாது. ஊட்ல கூப்புட்டா திரும்ப மாட்டீங்க. நாலு தடவ பார்த்துட்டு அவங்களும் கூப்புடறத உட்டுடுவாங்க."

அத்தனையும் அவன் பட்டது.

குப்புராஜின் உதடு துடித்தது. "எனக்குப் பாட்ட உட்டா வேற இன்னாப்பா கீது?" என்றவர், துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார்.

அருணகிரிக்கு மனசு இளகிவிட்டது. போதும், உண்மையைச் சொல்லிச் சரிசெய்து கொடுத்துவிடலாம் என்று ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தான்.

"மேஸ்திரி, என்னைத் தெரியலையா? ஆரணி மில்லுல பெல்ட் கழண்டதுக்கு அறைஞ்சீங்களே, அருணகிரி."

குப்புராஜ் துண்டை எடுத்துவிட்டு உற்றுப் பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"எத்தினி பேர அறைஞ்சிருப்பேன்! அதுல நீ யாருன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்? வாங்கினதாலதான இன்னைக்கு மொதலாளியா குந்திக்கினுகிற!"

அருணகிரி ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். ஹெட்போனை டப்பாவில் போட்டுச் சணல் கயிற்றால் இறுகக் கட்டி அவரிடம் நீட்டினான்.

"மெட்ராஸ்ல நல்ல டாக்டரா பாருங்க மேஸ்திரி. லேட் பண்ணாதீங்க."

குப்புராஜின் சிரிப்பு அணைந்தது. டப்பாவை அணைத்தபடி படியிறங்கினார். தெருவில் நாலடி நடந்து நின்று, இடது காதை உள்ளங்கையால் பொத்தினார், எடுத்தார், மறுபடி பொத்தினார். பின்னால் வந்த சைக்கிள்காரன் மணியடிக்க, பதறிப்போய் அவன் மேலேயே விழப் போனார்.

அருணகிரி கல்லாவில் நின்று, அவர் கண்ணுக்கு மறையும் வரை பார்த்தான். பிறகு கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனான். நல்ல பசி.