எதிர் மூலை

“இன்னா பாடம் டீச்சர் இது? நறுமணமாம், பிணைப்பாம்…”

“அக்கா, நான் சொல்றத ஒரு நிமிஷம்…”

“…சேர்க்கையாம். எல்லாம் இவ கையெழுத்துல கீது. பதினேழு வயசுப் பொண்ணு நோட்டுல எழுதற வார்த்தையா இதெல்லாம்?”

“பாடப் புத்தகத்துல இருக்கற வார்த்தைதாங்க்கா. கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்க.”

“உக்கார வரல. இவள கூட்டிகினு போவத்தான் வந்தேன். நாளையிலேந்து டியூசன் கெடையாது.”

ராயபுரத்தில் ரேச்சல் டீச்சர் வீட்டு மாடியில் பிளஸ் டூ வேதியியல் வகுப்பு அப்படியே நின்றுபோனது. சிலுவையம்மாள் காசிமேட்டில் இறால் உரிக்கிறவள். மகள் மகிமா வீட்டில் மறந்து விட்டுவந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு நேராகப் படியேறியிருந்தாள். பரீட்சைக்கு இருபது நாள்தான் இருந்தது. இந்த டியூசன் நின்றால் வேதியியல் போச்சு, வேதியியல் போனால் நர்ஸிங்கும் போச்சு. மகிமா பையை மடியில் இறுக்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

“நோட்டு போவட்டும் டீச்சர். விடிகாலைல எழுந்து குந்திகினு ஆன்றோ, ஆன்றோன்னு ஜபம் பண்றா. எங்க எதிர் வூட்ல ஒருத்தன் கீறான், ஆன்றோன்னு. தண்ணி லாரியாண்ட அவங்கம்மா என் கொடத்த எட்டி ஒதச்சதுலேந்து நாலு வருசமா ரெண்டு வூட்டுக்கும் பேச்சில்ல.”

“ஆன்றோ இல்லம்மா. ஆர்த்தோ,” என்றாள் மகிமா.

“ஒரு எழுத்த மாத்திட்டா எனுக்குத் தெரியாதா?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“பெர்சிஸ், அங்க என்ன சிரிப்பு?” என்றாள் டீச்சர். பிறகு சாக்பீஸை எடுத்தாள். “அக்கா, நறுமணச் சேர்மம்னு ஒரு பாடம். அதுதான் நடக்குது.”

“மணலி கெமிக்கல் கம்பெனி பக்கத்துக் காத்தடிச்சா வருதே, அந்த வாசனையா?”

“மொதமொதல்ல கண்டுபிடிச்சதுல சிலது வாசனையா இருந்துச்சு. அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. வாசனையே இல்லாததும் இந்தக் கூட்டத்துல உண்டு.”

“வாசனையே இல்லாததுக்கு நறுமணம்னு பேரு. இதுலயே தெரில, எங்கியோ பொய் கீதுன்னு.”

டீச்சர் பலகையில் ஆறு மூலை போட்டு ஒரு படம் வரைந்தாள்.

“இது பென்சீன். சேர்மத்த இங்கிலீஷ்ல காம்பவுண்டுன்னு சொல்வாங்க.”

“எங்க காம்பவுண்டுல கூட ஆறு வூடுதான். நடுவுல அடிபம்பு.”

“அப்ப சுலபமாப் போச்சு. இந்த மூலைல ஒருத்தர் குடியிருக்காருன்னு வைங்க. ஒட்டின வீடு ஆர்த்தோ. ஒரு வீடு தாண்டினா மெட்டா. நேர் எதிர் வீடு பாரா. அவ்ளோதான்.”

“ஆர்த்தோன்னா ஆளு இல்ல?”

“இடம்.”

“இந்தச் சேர்க்கை?”

“ஒண்ணோட ஒண்ணு சேர்றது. ஆனா பென்சீன் லேசுல அதுக்கு ஒத்துக்காது. இருக்கறவங்க ஒருத்தர் வெளிய போனாத்தான் வேற ஒருத்தர உள்ள விடும்.”

“நல்ல எடத்துப் பொண்ணு மாறி கீது,” என்று சொல்லி, சிலுவையம்மாள் முதல்முறையாக பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தாள். “சரி. பரீட்ச முடியற வரிக்கும் வரட்டும். எனுக்கு இத்த மொதல்லயே சொல்லியிருந்தா இன்னாடி?”

“கேட்டியா நீ?” என்றாள் மகிமா. பை மடியிலிருந்து தரைக்கு இறங்கியது.

சிலுவையம்மாள் இப்போது நோட்டைப் புதிதாகப் பார்ப்பதுபோல் புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் ஆறு மூலை. “இது மெட்டா, இல்ல டீச்சர்?” என்றாள். “கரெக்ட்,” என்றாள் டீச்சர். “இது ஆர்த்தோ.” “நீங்களே பரீட்ச எழுதலாம் போல.”

கடைசிப் பக்கம் வந்தது. அங்கே ஒரே ஒரு படம், நீல மையில், அடிஸ்கேல் வைத்து நிதானமாகப் போட்டது. ஒரு மூலையில் ‘ம’. இன்னொரு மூலையில் ‘ஆ’. மற்ற நாலும் காலி.

ரேச்சல் டீச்சர் அதைப் பார்த்துவிட்டாள். குறியீட்டை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று வருஷம் முழுக்கக் கத்தியவள் அவள்.

“நோட்டக் குடுங்கக்கா. திருத்தித் தரேன்.”

சிலுவையம்மாள் கொடுக்கவில்லை. இறால் ஓடு கீறிய விரலை ‘ம’வின் மேல் வைத்தாள். அங்கிருந்து மூலை மூலையாக நகர்த்தினாள்.

“இது ஆர்த்தோ. இது மெட்டா.”

விரல் ‘ஆ’வில் வந்து நின்றது. அவள் டீச்சரைப் பார்க்கவில்லை.

“இது பாரா. நம்ம காம்பவுண்டுல நம்ம வூட்டுக்குப் பாரா யாரு வூடு, மகிமா?”