பழுதாகாத லெப்டொப்

அக்கா முறை வைத்து ராத்தா என்று அவன் கூப்பிடும் லைலா, மக்காவுக்கு உம்றாப் பயணம் போகிறாள் என்று கேள்விப்பட்டதிலிருந்து கலந்தருக்குச் சோறு இறங்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் அது சந்தோஷமான செய்தி. இவனுக்கு மட்டும் பயம். பயணத்தால் அல்ல, பயணம் சொல்லும் வழக்கத்தால். மக்காவுக்குப் புறப்படுகிறவர் தெரிந்தவர் வீடெல்லாம் ஏறி, தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைக்கு மாப்புக் கேட்டுவிட்டுத்தான் போவார். லைலா இந்த வீட்டுக்கும் வருவாள். வந்து கலந்தரிடம் மன்னிப்புக் கேட்பாள். யார் யாரிடம் கேட்பது, நீங்களே சொல்லுங்கள்.

"அஸர் தொழுகைக்குப் பிறகு லைலா ராத்தா வாறாவாம். நீங்களும் நிக்கணுமாம்" என்றாள் மனைவி ஸுஹைறா.

"எனக்குப் பாண்டிருப்பில ஒரு வேல இரிக்கி."

"அந்த வேல நாளைக்கும் இரிக்கும். மனிசி மக்கத்துக்குப் போறா. ஒளிச்சித் திரியாம வீட்டில நில்லுங்க."

ஒளித்துத் திரிகிறான் என்பது அவளுக்கும் பிடிபட்டுவிட்டது. ஏன் என்பதுதான் தெரியாது. கொஞ்சக் காலமாகப் பள்ளிவாசலுக்குக்கூட லைலா வீட்டு ஒழுங்கையால் போகாமல் கடற்கரை வீதியைச் சுற்றித்தான் போய்வந்தான். கேட்டால், நடந்தால் உடம்புக்கு நல்லது என்பான்.

லைலாவின் தொழிலைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பெண்கள் இருக்கும் இடத்தைப் படம் பிடிக்க ஆண்களை விடமாட்டார்கள். கணவர் மௌத்தான பிறகு லைலா ஒரு கமராவை வாங்கிக்கொண்டு அந்த வேலையில் இறங்கினாள். பிடிப்பதோடு முடிந்துவிடாது. வெட்டி ஒட்டி வீடியோவாக்குவதும் அவளேதான், தன் அறைக்குள், தன்னுடைய பழைய லெப்டொப்பில். முக்காடில்லாமல் சிரித்துக் கும்மாளம் போடும் தங்கள் பிள்ளைகளின் படத்தை ஊர்ப் பெண்கள் அவளை நம்பி ஒப்படைத்தார்கள். அவள் அதை அமானிதம் என்பாள். சோறு போட்டதும் அந்த நம்பிக்கைதான்.

லெப்டொப் முக்கி முனகத் தொடங்கியபோது கலந்தரிடம் கொண்டுவந்தாள். அவன் பாடசாலையில் கம்பியூட்டர் படிப்பிக்கும் சேர். ஊருக்குள் யார் வீட்டுக் கம்பியூட்டர் படுத்தாலும் அவன்தான் வைத்தியர். அந்தப் பெயரில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

"விண்டோஸத் தூக்கிட்டு லினக்ஸ் போட்டா இன்னும் அஞ்சாறு வருசம் ஓடும், ராத்தா."

"உள்ளுக்க பொம்புளைகள்ர படம் கிடக்கு, தம்பி. ஒங்கள நம்பித்தான் தாறன்."

"ஒண்டையும் தொறக்க மாட்டன்."

அந்த வாக்கைக் காப்பாற்றினான். அதில் குறை சொல்ல முடியாது. குறை வேறு இடத்தில் இருந்தது.

லினக்ஸை ஏற்றும்போது திரை கறுத்துப் போய் நின்றது. படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டைத் தொடாமல் எழும்பு என்று கட்டளையிட, தொடங்கும் வரியில் 'நோமோட்செட்' என்று ஒரு சொல்லைத் தட்டினான். எழும்பியது. பிறகு கார்டை இயக்கும் மென்பொருளான ட்ரைவரைத் தேடினான். ட்ரைவர் இல்லாவிட்டால் கார்ட் இருந்தும் இல்லாத மாதிரிதான். கார்டுக்கென்று வந்த பழைய ட்ரைவர் புதிய லினக்ஸோடு ஒத்துவரவில்லை. இன்னொன்று பாதியில் பிழை காட்டி நின்றது. மற்றொன்றைப் போட்டதும் திரையே வரவில்லை. அதையும் கழற்றினான். இரண்டு பின்னேரங்கள் அதோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போய், படம் தெரிகிறதுதானே, போதும் என்று விட்டுவிட்டான். தன் போனில் கிடந்த, குர்ஆன் ஓதும் கிறாஅத் வீடியோ ஒன்றைப் போட்டுப் பார்த்தான். சின்ன வீடியோ, ஒழுங்காக ஓடியது. லைலாவின் கமராவில் எடுத்த பெரிய வீடியோ ஒன்றை ஓட விட்டிருந்தால் அப்போதே குட்டு வெளிப்பட்டிருக்கும். அதைத்தான் திறக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தானே. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீங்களே போட்டுப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் புத்தி வரவில்லை.

லெப்டொப்பைத் திருப்பிக் கொடுத்த மறுநாளே லைலா போன் எடுத்தாள். "படம் விக்கி விக்கி ஓடுது, தம்பி. கொரல் முன்னுக்குப் போகுது, ஆள் பின்னுக்கு வருது."

கலந்தர் இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. "அந்தக் கார்ட் முடிஞ்சி, ராத்தா. இனி அதுக்கு ட்ரைவர் இல்ல. புதுசு ஒண்டுதான் எடுக்கணும்" என்றான். டொக்டர் கைவிரித்த மாதிரி அவள் அதை நம்பினாள். அவன் சொன்னால் அதற்கு மேல் பேச்சு ஏது?

அப்போது அவள் கையில் நற்பிட்டிமுனை ஸம்றாவின் கல்யாண வீடியோ பாதியில் கிடந்தது. கேட்ட தவணையும் தாண்டிவிட்டது. வேறு வழியில்லாமல் தூரத்தில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தாள். பெண் பிள்ளைதான் செய்யும் என்று அங்கே சத்தியம் பண்ணிச் சொன்னார்கள். செய்தது ஒரு பொடியன். ஸம்றா தலை திறந்து சிரிக்கும் வீடியோத் துண்டொன்று அவன் போனிலிருந்து கிளம்பி, கைமாறிக் கைமாறி மாப்பிள்ளை வீட்டு ஆண்களின் போன் வரைக்கும் வந்து சேர்ந்தது. ஸம்றாவின் உம்மா, லைலா வீட்டு வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்தினாள். அதோடு லைலாவைக் கல்யாணத்துக்கு அழைப்பவர்கள் இல்லாமல் போனார்கள்.

இதெல்லாம் நடந்து ஓய்ந்த பிறகுதான் பாண்டிருப்பு நல்லரெத்தினம் ஐயா தன்னுடைய லெப்டொப்பைக் கலந்தரிடம் தந்தார். அதே இனம், அதே கார்ட், அதே கறுத்த திரை. அதே சொல்லைத் தட்டிவிட்டு இன்டர்நெட்டில் ட்ரைவர் தேடியபோது, யாரோ ஒருவன் யாருக்கோ எழுதிய பதில் கண்ணில் பட்டது. ஏற்றி முடிந்ததும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டாயா, அது கிடக்கும்வரை எந்த ட்ரைவரும் வேலை செய்யாதே என்று கேட்டிருந்தான். கலந்தர் சொல்லை அழித்தான். லினக்ஸுக்குள்ளேயே இருந்த ட்ரைவர் கார்டைப் பிடித்துக்கொண்டது. திரை அகலமாகத் திறந்தது. வீடியோ தண்ணீராய் ஓடியது. வெளியிலிருந்து ட்ரைவர் எதுவுமே தேவைப்படவில்லை. சந்தோஷத்தில் சிரிக்க வாயெடுத்தவனுக்கு லைலாவின் நினைவு வந்தது.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. லெப்டொப் நல்லது என்று சொன்னால், பிறகேன் ஸம்றாவின் படம் வெளியே போனது என்ற கேள்வி வருமே. அதற்குப் பயந்து வாயை மூடினான். மூடிய வாயோடு தொழுதான், மூடிய வாயோடு சாப்பிட்டான். பாவி, படுத்தாலும் அந்த ஒரு சொல்தான் கண்ணுக்குள் நின்றது.

அஸர் முடிந்து லைலா வந்தாள். ஸுஹைறா தேத்தண்ணி வைத்தாள். லைலா கோப்பையைத் தொடாமல் கலந்தரைப் பார்த்துக் கதைத்தாள்.

"தம்பி, ஒங்களுட்டத்தான் பெரிய மாப்புக் கேக்கணும். லெப்டொப்பத் தந்த நாள்ல இரிந்து, நீங்க படங்களத் தொறந்து பாத்திருப்பீங்களோ எண்டு ஒரு சந்தேகம். ஸம்றாட துண்டு வெளிய வந்த நேரம், ஒங்கட கையாலதான் போயிருக்கும் எண்டும் நெனச்சன். மறுகா அந்தப் பொடியன் ஒத்துக்கிட்டான். ஒங்கள அநியாயமா நெனச்சிட்டன். மாப்புச் செய்ங்க."

மாப்புச் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது காரியம். அவள் பிளேன் ஏறிவிடுவாள். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. அப்போது ஸுஹைறா அவனைப் பார்த்தாள். என் புருஷன் எப்பேர்ப்பட்ட மனிதன் என்ற பார்வை. அதைத்தான் கலந்தரால் தாங்க முடியவில்லை.

"ராத்தா, லெப்டொப் எங்க?"

"என்ட வீட்டு அலுமாரிக்கு மேல கிடக்கு. ஏன்?"

"எடுத்தாரச் செல்லுங்க."

ஸுஹைறா லைலாவின் வீட்டுக்குப் போய் எடுத்துவந்தாள். கலந்தர் அதைத் திறந்து, அந்தச் சொல்லைத் தேடி அழித்து, நிறுத்தி எழுப்பினான். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. திரையை லைலாவின் பக்கம் திருப்பினான்.

"ஒங்கட வீடியோ ஒண்டப் போட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கதிரையைச் சுவரைப் பார்க்கத் திருப்பி உட்கார்ந்தான்.

முதுகுக்குப் பின்னால் பெண்களின் சிரிப்பும் குரவையும் கேட்டன. விக்கல் இல்லை, இழுபறி இல்லை. நெடுநேரம் ஓடிய பிறகு சத்தம் நின்றது.

"இது எப்பிடி?" என்றாள் லைலா.

சுவரைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். எடுக்க மறந்ததைச் சொன்னான், எழும்பிப் பார்க்காமல் போனில் தீர்ப்புச் சொன்னதைச் சொன்னான், நல்லரெத்தினம் ஐயாவின் லெப்டொப்பைச் சொன்னான்.

"ஸம்றாட உம்மா என்ட வாசல்ல நிண்டு கத்தின நேரம் தெரியுமா?"

"இல்ல ராத்தா. அதுக்குப் பிறகுதான்."

"நேத்துத் தெரியும்."

"ஓம்."

"போன கெழமையும் தெரியும்."

"ஓம், ராத்தா. மாப்புச் செய்ங்க."

"முதல்ல நான் கேட்டதுக்குப் பதில் செல்லுங்க."

"செஞ்சிட்டன், ராத்தா. எப்பவோ செஞ்சிட்டன்."

"அல்ஹம்துலில்லாஹ்." லெப்டொப்பை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழும்பினாள். "நீங்க கேட்டத இப்ப கேக்காதீங்க, தம்பி. வாயால செல்லலாம். மனசு செல்லுதில்ல. பொய் செல்லிட்டு மக்கத்து வாசலுக்குப் போக எனக்கு ஏலா."

வாசல் படலைவரை போனவள் நின்றாள்.

"நேத்து ஸம்றாட உம்மாட்ட மாப்புக் கேக்கப் போனன். கதவத் தொறக்கல்ல. நீங்க போங்க. நடந்தத நடந்தபடி செல்லுங்க. அவ எனக்குத் தொறந்தா, நான் ஒங்களுக்குச் செஞ்சிருவன்."

ஸுஹைறா ஆறிய கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். அவனைப் பார்க்கவில்லை. கலந்தர் சேர்ட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டான். இந்த முறை சுற்றிப் போகாமல் லைலா வீட்டு ஒழுங்கையால் இறங்கி நற்பிட்டிமுனைக்கு நடந்தான்.

ஸம்றா வீட்டுக் கதவு சாத்திக் கிடந்தது. ஸலாம் சொல்லித் தட்டினான்.

"யாரு?" என்றது உள்ளிருந்து ஒரு பெண் குரல்.

கம்பியூட்டர் சேர் என்று சொன்னால் அந்த ஊரில் எந்தக் கதவும் திறக்கும். கலந்தர் அதைச் சொல்லவில்லை.

"லைலா ராத்தாட லெப்டொப்பக் கெடுத்த ஆள்" என்றான்.